டிரெஸ்டனுக்குப் பதிலாகப் போலி வரவில்லை

ஜிம் புட்சரின் 'டிரெஸ்டன் ஃபைல்ஸ்' மாயக் கற்பனைத் தொடரில் வரும் 'சேஞ்சஸ்' நாவலின் முடிவில் நாயகனான மந்திரவாதி ஹாரி டிரெஸ்டன் இறந்துவிட்டார், அதன்பின் வருபவர் தேவதை உலகின் மாப் அரசி செய்த போலி உருவமே என்று காட்பாடி நண்பர் உறுதியாகச் சொன்னதை நம்பி, நம் வேலூர் வாசகர்கள் சிலர் மீதி நூல்களைக் கைவிடுவது வருத்தமளிக்கிறது. 2010-இல் வந்த அந்நூலில் அவர் சுடப்பட்டு மிச்சிகன் ஏரியில் விழுவது உண்மை. ஆனால் 2011-இல் வெளியான 'கோஸ்ட் ஸ்டோரி', அவருடைய உடலை மாப் அரசியும் டெமன்ரீச் தீவின் ஆவியும் உயிர் போகாமல் காத்துவைத்திருந்ததையும், ஆவியாக அலைந்த டிரெஸ்டன் இறுதியில் அதே உடலில் கண்விழிப்பதையும் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகிறது. தம்மைச் சுடுவதற்குக் கூலிக் கொலையாளி கின்கெய்டை ஏற்பாடு செய்தவரே டிரெஸ்டன்தான் என்பதும், அந்த நினைவை அவருடைய மாணவி மாலி அழித்தாள் என்பதும் அங்கேதான் வெளிப்படுகின்றன. தொடரிலேயே மிகக் கனமான அந்தப் பகுதியை இந்தப் போலி உருவக் கதை பொருளற்றதாக்கிவிடுகிறது. நண்பர் தம் கூற்றை ஊகம் என்று தெளிவாகக் குறிப்பிட்டுவிட வேண்டுகிறேன்.