மருந்து எங்க போகுதுன்னு பாருங்க, வாங்குறவங்க பேரு எதுக்கு?

வலி மாத்திரையை போதைக்கு வித்தவங்களை சென்னையில போலீஸ் பிடிச்சாங்கன்னு நியூஸ் வர்றப்பல்லாம், நாடு முழுக்க மருந்து விற்பனையை ஒரே டேட்டாபேஸ்ல கொண்டு வரணும், எந்த டாக்டர் யாருக்கு என்ன எழுதுறாரு, யார் எங்க வாங்குறாங்க எல்லாமே கவர்மென்டுக்குத் தெரியணும்னு நம்ம ஆளுங்களே கமென்ட் போடுறாங்க. எனக்கு இதுல பாதி சம்மதம். மருந்து எங்க போகுதுன்னு கண்டிப்பா பாக்கணும். ஆனா வாங்குறவங்க பேரைக் கொண்டுபோய் ஒரு சர்வர்ல கொட்டக்கூடாது.

2025 அக்டோபர்ல கோல்ட்ரிஃப் இருமல் மருந்து விஷயம் மறந்திருக்க மாட்டீங்க. நம்ம காஞ்சிபுரம் பக்கம் தயாரிச்சது, அதைக் குடிச்சு மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவுல இருபதுக்கும் மேல குழந்தைங்க இறந்து போச்சுங்க. எஸ்ஆர்-13ங்கற பேட்ச்ல, அதாவது ஒரே தடவையில தயாரிச்ச சரக்குல, டைஎத்திலீன் கிளைகால்ங்கற விஷ ரசாயனம் 48.6 சதவீதம் இருந்துச்சு, இருக்கலாம்னு சொல்ற அளவு 0.1 தான். இப்ப உங்க வீட்ல கிடக்குற ஏதாவது ஒரு மெடிக்கல் பில்லை எடுத்துப் பாருங்க, எக்ஸ்பைரி பக்கத்துலயே பேட்ச் நம்பர் அடிச்சிருக்கும். அப்ப எந்த பேட்ச் எந்தக் கடையில எத்தனை வித்துச்சுன்னு கடை கம்ப்யூட்டர்ல ஏற்கனவே இருக்கு, கடைக்கு சரக்கு போடுற ஸ்டாக்கிஸ்ட்கிட்டயும் இருக்கு, சேத்துப் பாக்கத்தான் வழி இல்ல. 2023 ஆகஸ்ட்ல இருந்து 300 பிராண்டுக்கு க்யூஆர் கோடு கட்டாயம் ஆக்குனாங்க, ஸ்கேன் பண்ணா கம்பெனி பேரும் பேட்ச்சும் எக்ஸ்பைரியும் வரும், அந்தச் சரக்கு எந்தெந்த கடைக்குப் போச்சுன்னு வராது. இதை மட்டும் இணைச்சிருந்தா, ஒரு பேட்ச் விஷம்னு லேப் சொன்ன அன்னைக்கே அது எந்தக் கடையிலயும் பில் ஆகாம தடுத்துடலாம், இதுக்கு ஒரு நோயாளியோட பேரு கூட தேவைப்படாது. 1994ல ஆரம்பிச்ச நம்ம தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாவட்டக் கிடங்கு ஸ்டாக்கை எத்தனையோ வருஷமா கம்ப்யூட்டர்ல பாத்துட்டு இருக்கு, கவர்மென்ட் ஆஸ்பத்திரி மருந்துக்கு நம்ம ஊருல முடிஞ்சது பிரைவேட் கடைக்கு ஏன் முடியாது?

பேரு எழுதுற முறை ஏற்கனவே இருக்குங்க. 2014 மார்ச்ல இருந்து ஷெட்யூல் எச்1 மருந்து, அதாவது சில ஆன்டிபயாட்டிக், தூக்க மாத்திரை மாதிரி கட்டுப்பாடு உள்ள மருந்து வித்தா டாக்டர் பேரு அட்ரஸ், நோயாளி பேரு, மருந்து, எத்தனைன்னு தனி ரிஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். சாயந்திரம் ஏழு மணிக்கு மேல ஒரு மெடிக்கல்ல போய் நின்னு பாருங்க, கவுண்டர்ல ஒரே ஆளு, கூட்டம் நெருக்குது, அவரு எங்க ரிஜிஸ்டரைத் திறக்குறது. டிஐ (டிரக் இன்ஸ்பெக்டர்) வர்றாருன்னு தெரிஞ்சதும் மொத்தமா உக்காந்து ரொப்புற கடையையும் பாத்திருக்கேன். அந்த நோட்டை அப்படியே ஆன்லைனுக்கு மாத்துனா இதே கதைதான் ஆன்லைன்லயும் நடக்கும்.

அமெரிக்காவுல ஆர்க்கோஸ்னு ஒரு டேட்டாபேஸ் இருக்கு, போதை வர்ற வலி மாத்திரை கம்பெனியில இருந்து எந்த பார்மசிக்குப் போகுதுங்கறது வரைக்கும் அதுல பதிவாகும், நோயாளி பேரு கிடையாது. 2006ல இருந்து 2012 வரைக்கும் 7,600 கோடி மாத்திரை போன கணக்கு அதுல அப்படியே இருந்துச்சு, கோர்ட்டு வரைக்கும் போய் 2019லதான் ஜனங்க கண்ணுக்கு வந்துச்சு. எந்த ஊருக்கு அளவுக்கு மீறிப் போச்சுன்னு கண்டுபிடிக்க அந்தக் கணக்கே போதும். அந்தக் கணக்கை வச்சிருந்த அமெரிக்க அதிகாரிங்க நேரத்துக்கு எழுந்திரிக்கல, அதுதான் கொடுமை. அதனால இங்க கொண்டு வந்தாலும் கணக்கை வெளிப்படையா போடணும், எந்த மாவட்டத்துல எந்த மாத்திரை திடீர்னு ஏறுதுன்னு பத்திரிகைக்காரங்களும் பாக்கணும்.

பேரு கேக்குறது எல்லாமே தப்புன்னு சொல்லல. டிபி வந்தா நிக்ஷய்ங்கற கவர்மென்ட் வெப்சைட்ல நோயாளி பேரு ஏறுது, 2018ல இருந்து மருந்துக் கடைக்காரங்களும் தெரிவிக்கணும். ஆனா அங்க பேரு குடுத்தவருக்கு ஒண்ணு திரும்பக் கிடைக்குது, மாசம் 1,000 ரூபா சத்துணவுக்கு வருது, மருந்தை நிறுத்திட்டா ஆளு தேடி வர்றாங்க. தூக்க மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் டிப்ரஷனுக்கு மருந்து எடுக்குறவங்களுக்கும் பேரு குடுத்தா என்ன கிடைக்கும்? பயம்தான். டாக்டர்கிட்ட போறதையே நிறுத்திடுவாங்க.

நான் சும்மா பயமுறுத்தல. அயனாவரம் பக்கம் ஒரு கடையில எனக்கு முன்னாடி ஒரு பொண்ணு போன் நம்பர் சொல்லுச்சு, பில் போடுறவரு ஸ்கிரீனைப் பாத்துட்டு "அந்த டிப்ரஷன் மாத்திரை முடிஞ்சிருக்குமே மேடம், அதையும் சேத்து போட்டுரவா"ன்னு சத்தமா கேட்டாரு. லைன்ல நின்ன அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. அந்தப் பொண்ணு எதுவும் வாங்காமயே கிளம்பிடுச்சு. கவர்மென்ட் டேட்டாபேஸ் வர்றதுக்கு முன்னாடியே கடைக்கு கடை இப்படி ஒண்ணு ஓடுது, அதை யாரு பாக்குறாங்க, எங்க விக்கிறாங்கன்னு கேக்க ஆளு இல்ல.

ரூல்படி எச்1 மருந்துக்குக்கூட பேரும் விவரமும்தான், போன் நம்பர் கிடையாது. நம்பர் குடுத்தாத்தான் பில்லுன்னு அடம் பிடிக்கக்கூடாதுன்னு 2023 மே மாசம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையே கடைகளுக்கு சொல்லியிருக்கு. நம்பர் வேணாம், பில்லு மட்டும் போடுங்கன்னு தைரியமா கேளுங்க. புது டேட்டாபேஸ் கொண்டு வர்றவங்க முதல்ல இந்த பில்லிங் கவுண்டருக்கு ஒரு சட்டம் போடட்டும், அப்புறம் பேட்ச் நம்பரை இணைக்கட்டும், நோயாளி பேரைப் பத்தி அதுக்கு அப்புறம் பேசிக்கலாம்.