வேக மூச்சுப் பயிற்சிகள் எல்லாம் ஒன்றல்ல

மூக்கின் வழியே வேகமாகவும் ஓசையுடனும் மூச்சு விடும் எந்தப் பயிற்சியையும் கபாலபாதி என்று சொல்லிவிடும் வழக்கம் நம்முடைய யோகா வகுப்புகளிலும் காணொளிகளிலும் வேரூன்றிவிட்டது. சிலர் அதையே பஸ்திரிகா என்கிறார்கள், வேறு சிலர் அக்னி மூச்சு என்கிறார்கள். மூன்றும் ஒன்றுதான், ஊருக்கு ஊர் பெயர்தான் மாறுகிறது என்று பயிற்றுநர்களே விளக்கம் கொடுப்பதையும் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இதை நான் முற்றிலும் மறுக்கிறேன். இவை மூன்றும் தசைகளை வெவ்வேறு விதமாக இயக்குபவை, நுரையீரலுக்குள் வெவ்வேறு அளவில் காற்றை நகர்த்துபவை, இரத்தத்தில் வெவ்வேறு மாற்றங்களை உண்டாக்குபவை. ஆகவே ஒன்றுக்குச் சொல்லப்பட்ட பலனை இன்னொன்றின் மேல் ஏற்றுவதும், ஒன்றுக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கையை இன்னொன்றுக்கு மறந்துவிடுவதும் பயிற்சி செய்பவரின் உடல்நலத்தோடு விளையாடும் செயலாகும்.

நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உள்மூச்சுக்குத்தான் தசைகள் உழைக்கின்றன. உதரவிதானம் சுருங்கிக் கீழிறங்க, காற்று உள்ளே வருகிறது. பிறகு அது தளர, வெளிமூச்சு தானாகவே நிகழ்ந்துவிடுகிறது. கபாலபாதி இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குகிறது. அடிவயிற்றுத் தசைகளைச் சட்டென உள்ளிழுத்துக் காற்றை வெளியே தள்ளுவது மட்டுமே நம் முயற்சி. வயிற்றைத் தளரவிட்டவுடன் உள்மூச்சு தானாக வந்து சேர வேண்டும், அதை இழுக்கக் கூடாது. மார்பும் தோளும் அசையாமல் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 60 முதல் 120 வீச்சுகள் வரை இதைப் பயிற்றுவிக்கிறார்கள். ஒவ்வொரு வீச்சிலும் நகரும் காற்றின் அளவு குறைவு என்பதை இங்கே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பஸ்திரிகாவில் உள்மூச்சு, வெளிமூச்சு இரண்டுமே வலிந்து செய்யப்படுபவை. கொல்லன் உலையின் துருத்தியைப் போல மார்புக்கூடு முழுவதும் விரிந்து சுருங்குகிறது. காற்றின் அளவும் அதிகம், அதை நகர்த்தும் விசையும் அதிகம். யோகா ஆசான் பி.கே.எஸ். ஐயங்கார் கபாலபாதியைப் பஸ்திரிகாவின் மென்மையான வடிவம் என்றே வகைப்படுத்தினார். பஸ்திரிகா கடினமாக இருப்பவர்கள் கபாலபாதியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது அவர் காட்டிய வழி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே ஓசையாகக் கேட்கலாம். செய்பவரின் வயிற்றையும் மார்பையும் ஒரு நிமிடம் கவனித்தால் எது நடக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்துவிடும்.

இந்த வேறுபாடு இரத்தத்தில் என்ன செய்கிறது என்பதுதான் மிகவும் முக்கியமானது. சாதாரண மூச்சு ஒன்றில் ஏறக்குறைய 500 மில்லிலிட்டர் காற்று உள்ளே செல்கிறது. அதில் ஏறக்குறைய 150 மில்லிலிட்டர் மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக்குழாய்களிலும் தங்கிவிடுவதால் வாயுப் பரிமாற்றத்துக்குப் பயன்படுவதில்லை. கபாலபாதியின் சிறிய வீச்சுகளில் இந்தப் பயன்படாத பங்கு விகிதத்தில் கூடிவிடுகிறது. ஆகவே முறையாகச் செய்தால் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறும் வாய்ப்பு அதில் குறைவு. ஆழமும் வேகமும் சேர்ந்த பஸ்திரிகாவிலோ அந்த வாயு விரைவாகக் கழுவப்பட்டு வெளியேறுகிறது. இரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, இரத்தத்தின் காரத்தன்மை உயர்கிறது, இரத்தத்தில் புரதத்தோடு பிணையாமல் தனித்திருக்கும் கால்சியம் குறைகிறது. தலைசுற்றல், உதட்டிலும் விரல் நுனிகளிலும் மதமதப்பு, சிலருக்குக் கைவிரல்கள் இறுகி மடங்குதல் ஆகியவை இதனால் வருபவை. இவற்றைச் சக்தி எழும்புகிறது என்றும், நாடிகள் திறக்கின்றன என்றும் மாணவரிடம் சொல்லும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அது என்னை மிகவும் வருத்துகிறது, ஏனெனில் நிறுத்த வேண்டிய கட்டத்தில் அந்த மாணவர் இன்னும் ஊக்கத்தோடு தொடர்கிறார்.

வேகமாக மூச்சு விட்டால் மூளைக்குப் பிராணவாயு அதிகம் கிடைக்கும் என்ற வாக்கியமும் இதே வகையைச் சேர்ந்தது. ஆரோக்கியமான ஒருவரின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏற்கெனவே 95 விழுக்காட்டுக்கு மேல் பிராணவாயுவால் நிரம்பித்தான் இருக்கிறது. அதற்கு மேல் ஏற்றிக்கொள்ள இடம் மிகக் குறைவு. கரியமில வாயு குறையும்போது ஹீமோகுளோபின் தான் சுமந்துவந்த பிராணவாயுவை எளிதில் விட்டுக்கொடுப்பதும் இல்லை. இரத்தக் குழாய்களின் சுருக்கமும் இதோடு சேர்வதால், அந்தச் சில நிமிடங்களில் மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது என்பதே உண்மை. பயிற்சிக்குப் பிறகு உணரப்படும் தெளிவையும் சுறுசுறுப்பையும் நான் மறுக்கவில்லை. அதற்குக் கொடுக்கப்படும் இந்தக் காரணத்தைத்தான் மறுக்கிறேன்.

பழைய நூல்களைப் பார்த்தால், குழப்பத்தின் வேர் அங்கேயும் இருப்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகை கபாலபாதி, பஸ்திரிகா இரண்டுக்கும் கொல்லனின் துருத்தியையே உவமையாகக் காட்டுகிறது. ஆனால் அவற்றை வைத்திருக்கும் இடம் வேறு. கபாலபாதி கபத்தை நீக்கும் ஆறு தூய்மைக் கிரியைகளில் ஒன்று, தௌதி, நேதி ஆகியவற்றின் வரிசையில் வருவது. பஸ்திரிகாவோ எட்டுக் கும்பகங்களில், அதாவது மூச்சை அடக்கும் பயிற்சிகளில், ஒன்று. வேக மூச்சு அதன் முன்பகுதி மட்டுமே. களைப்பு வந்ததும் வலது நாசியால் உள்ளிழுத்து, அடக்கி, இடது நாசியால் விடும்போதுதான் அது நிறைவு பெறுகிறது. இன்று வகுப்புகளில் கும்பகத்தையே விட்டுவிட்டு முன்பகுதியை மட்டும் செய்துவிட்டு எழுந்துவிடுகிறோம். பிற்காலத்து கேரண்ட சம்ஹிதையில் கபாலபாதி என்ற பெயரில் வருபவை மூன்று முறைகள். அவற்றில் ஒன்று மூக்கால் நீரை உறிஞ்சி வாயால் வெளியேற்றுவது. இன்று நாம் செய்யும் கபாலபாதியோடு அதற்குப் பெயரைத் தவிர எந்த ஒற்றுமையும் இல்லை. வெளிமூச்சு மட்டும் முயற்சி, உள்மூச்சு இயல்பு என்ற தெளிவான பிரிப்பு, 1924இல் லோணாவ்ளாவில் கைவல்யதாமத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தர் போன்றோரின் விளக்கங்கள் வழியாக 20ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. பிற்காலத்தது என்பதால் அதன் மதிப்பு எனக்குக் குறையவில்லை. உடலைக் கவனித்து எழுதப்பட்ட பிரிப்பு அது. ஆயுஷ் அமைச்சகம் சர்வதேச யோகா நாளுக்காக வகுத்த பொது நெறிமுறையும் கபாலபாதியைப் பிராணாயாமப் பகுதிக்கு முன்பே தனிக் கிரியையாக வைத்திருக்கிறது.

அக்னி மூச்சு இவ்விரண்டையும்விடப் புதியது. 1960களின் இறுதியில் அமெரிக்காவுக்குச் சென்ற யோகி பஜன் பரப்பிய குண்டலினி யோகாவில் அதற்கு முதன்மையான இடம் உண்டு. உள்மூச்சும் வெளிமூச்சும் சம அளவில், இடைவெளி இல்லாமல், ஆழமற்று, நொடிக்கு இரண்டு மூன்று முறை நிகழும். அக்னிசார கிரியையை இதனோடு சேர்த்துக் குழப்புபவர்களும் உண்டு. மூச்சை முழுவதும் வெளியேற்றி, அந்த வெறுமையில் நிறுத்தி, வயிற்றை மட்டும் அசைக்கும் அந்தக் கிரியை வேக மூச்சே அல்ல.

ஆய்வுகளை மேற்கோள் காட்டுபவர்கள் இந்த வேறுபாடுகளை மறந்துவிடுவதால் நேரும் தீங்குக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பஸ்திரிகா இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று அடிக்கடி பகிரப்படுகிறது. 2009இல் வெளியான அப்படிப்பட்ட ஓர் ஆய்வில் பங்கேற்றவர்கள் செய்தது நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில், 5 நிமிடம் நிதானமாகச் செய்யும் மெதுவான பஸ்திரிகா. அந்த முடிவை நம்பி, இரத்தக் கொதிப்பு உள்ள ஒருவர் வேகமான பஸ்திரிகாவைத் தொடங்கினால் அவர் தேடிய பலனுக்கு நேர் எதிரானதைத் தேடிப் போகிறார். புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவத் துறை மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவானது. ஒரு குழுவினர் கபாலபாதி, பஸ்திரிகா, வாயைத் திறந்து நாயைப் போல மூச்சிரைக்கும் குக்குரியா ஆகிய வேகப் பயிற்சிகளையும், இன்னொரு குழுவினர் மெதுவான பயிற்சிகளையும் 12 வாரங்கள் செய்தார்கள். மன அழுத்தம் இரு குழுவினருக்கும் குறைந்தது. இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம் சார்ந்த முன்னேற்றமோ மெதுவான பயிற்சி செய்தவர்களிடம் மட்டுமே காணப்பட்டது.

உயர் இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், கண் அழுத்த நோய், வலிப்பு நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், அண்மையில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் இந்தப் பயிற்சிகள் எதையும் காணொளி பார்த்துத் தொடங்கக் கூடாது. மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. சோதனையின்போது மறைந்திருக்கும் வலிப்பின் அறிகுறியை வெளிக்கொணரவே நோயாளியை மூன்று நிமிடம் ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விடச் சொல்கிறார்கள். அதே செயலை வலிப்பு உள்ள ஒருவர் கேள்வி கேட்காமல் வகுப்பில் செய்வது எவ்வளவு ஆபத்தானது என்பதை நான் விளக்கத் தேவையில்லை. 2004இல் செஸ்ட் என்ற மருத்துவ இதழில், கபாலபாதி செய்த ஒருவருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்த நிகழ்வு பதிவாகியிருக்கிறது. மிக அரிதான நிகழ்வுதான் அது, அதைக் காட்டி எவரையும் அச்சுறுத்த நான் விரும்பவில்லை. ஆனால் அந்தக் கட்டுரையின் தலைப்பே கபாலபாதியையும் அக்னி மூச்சையும் ஒன்றாகப் பாவிக்கிறது. மருத்துவர்கள் எழுதும் பதிவிலேயே எந்தப் பயிற்சி என்பதில் இந்தக் கலப்பு இருந்தால், யாருக்கு எதைத் தடுக்க வேண்டும் என்பதை எப்படித் தீர்மானிப்பது?

ஆகவே பயிற்றுநர்களிடம் நான் வேண்டுவது இதுதான். தொடங்கும் முன் பயிற்சியின் பெயரைச் சொல்லுங்கள். உள்மூச்சை இழுக்க வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா என்பதைச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு எத்தனை வீச்சு, எத்தனை சுற்று, இடையில் எவ்வளவு ஓய்வு என்பதையும் சொல்லுங்கள். புதிதாக வருபவருக்குக் கபாலபாதியில் 20 வீச்சுகள் கொண்ட இரண்டு சுற்றுகளே போதும். மார்பு அசையாமல் வயிறு மட்டும் இயங்கும் அளவுக்கு அது பழகிய பின்பே பஸ்திரிகாவைப் பற்றிப் பேச வேண்டும். தலைசுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விட வேண்டும் என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்ல வேண்டும். நம் திருமூலர் வகுத்த பிராணாயாமம் 16 மாத்திரை நேரம் பூரகம் (உள்ளிழுத்தல்), 64 மாத்திரை கும்பகம் (அடக்குதல்), 32 மாத்திரை ரேசகம் (வெளிவிடுதல்) என்ற நிதானக் கணக்கு. அந்த நிதானத்தைச் சிறிதும் பழகாத மாணவரை முதல் நாளே வேகத்துக்குள் தள்ளும் வகுப்புகளில் என் வீட்டார் எவரையும் நான் சேர்க்க மாட்டேன்.