முதல் புகார் தோற்றால் என்ன?

போன வாரம் ஒரு அக்கா போன் செய்தார். அமெரிக்க மத்திய அரசில் பல வருடமாக வேலை பார்ப்பவர். தன் பிரிவில் பாகுபாடு நடக்கிறது என்று புகார் கொடுத்தார், அந்தப் புகார் நிற்கவில்லை. புகார் கொடுத்ததற்காக மேலதிகாரி பழிவாங்குகிறார் என்று இரண்டாவதாக ஒன்று கொடுத்தார். அதையும் அவருடைய துறையே விசாரித்து, ஆதாரம் போதாது என்று முடித்துக் கடிதம் அனுப்பிவிட்டது.

"முதல் புகாரே தோத்துப்போச்சுப்பா. இனி அப்பீல் பண்ணி என்ன ஆகப்போகுது?" என்றார்.

இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

பழிவாங்கல் புகார் தனி வழக்கு. முதல் புகாரின் வால் அல்ல. பாகுபாடு நடந்ததென்று நிரூபிக்க முடியாமல் போயிருக்கலாம். நியாயமான காரணத்தோடு, நல்லெண்ணத்தில் புகார் கொடுத்தீர்களா, அது மேலதிகாரிக்குத் தெரியுமா, தெரிந்த பிறகு உங்களுக்குக் கெடுதல் செய்தாரா, அதற்குக் காரணம் அந்தப் புகார்தானா, இவ்வளவுதான் கேள்வி. மத்திய அரசு ஊழியர்கள் கொடுக்கும் புகார்களில் அதிகம் சொல்லப்படும் காரணமே பழிவாங்கல்தான் என்று சம வேலைவாய்ப்பு ஆணையமே (எல்லோரும் ஈ.ஈ.ஓ.சி. என்போம்) சொல்கிறது.

சனிக்கிழமை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பி உட்கார்ந்தோம். ஈ.ஈ.ஓ.சி.க்கு அனுப்பும் அப்பீலுக்காகப் பதினோரு பக்கம் எழுதி வைத்திருந்தார். ஒன்பது பக்கம் மேலதிகாரியின் குணம். எப்படிப் பார்ப்பார், எப்படிப் பேசுவார், யாரோடு காபி குடிக்கப் போவார். எல்லாம் உண்மையாகவே இருக்கும். ஆனால் அதைப் படிக்கப்போகிறவர் அந்த மனிதரை ஒருநாளும் சந்திக்கப்போவதில்லை. கையில் கோப்பு மட்டும்தான் இருக்கும்.

அதனால் அதை ஓரம் வைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளில் தேதிகளை மட்டும் எழுதச் சொன்னேன். பிப்ரவரி 11, புகார் பற்றி மேலதிகாரிக்கு மின்னஞ்சல் போகிறது. பிப்ரவரி 26, வாராந்திர மீட்டிங் அழைப்பில் அக்காவின் பெயர் இல்லை. ஏப்ரலில் ரேட்டிங் ஒரு படி இறங்குகிறது. காரணம் கேட்டபோது விசாரணை அதிகாரியிடம் மேலதிகாரி சொன்னது: "போன வருடத்திலிருந்தே இவருடைய அறிக்கைகள் சரியில்லை."

சரி, போன வருடம் என்ன நடந்தது? விசாரணைக் கோப்பைப் புரட்டினோம். நடுவில் எங்கோ ஒரு மின்னஞ்சல். டிசம்பரில் அதே மேலதிகாரி, அதே அறிக்கைகளைக் குறிப்பிட்டு, "நன்றி, மிகவும் தெளிவாக இருந்தது" என்று எழுதியிருக்கிறார். முடிவுக் கடிதத்தில் அந்த மின்னஞ்சலைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அக்காவே அதை மறந்துவிட்டிருந்தார்.

அப்பீல் என்றால் இதுதான். நடந்த கதையை இன்னும் உரக்கச் சொல்வது அல்ல. கோப்பில் இருந்த எதை முடிவு எழுதியவர் பார்க்கவில்லை என்று விரலை வைத்துக் காட்டுவது. புது ஆதாரத்தை இந்தக் கட்டத்தில் பொதுவாக ஏற்கமாட்டார்கள், முன்பே கிடைக்க வழியில்லாமல் இருந்தால் ஒழிய. ஆகவே பழைய கோப்புதான் உங்கள் வயல். அதில்தான் உழ வேண்டும்.

கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. மீட்டிங் அழைப்பில் பெயர் விடுபட்டது ஒரு பாதிப்பே இல்லையாம். இங்கே 2006-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதை நினைவுபடுத்த வேண்டும். ரயில்வேயில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், பாலியல் தொல்லை பற்றிப் புகார் கொடுத்தார். அவரைத் தண்டவாளக் கூலி வேலைக்கு மாற்றினார்கள். பிறகு 37 நாள் சம்பளமில்லாமல் நிறுத்தி வைத்தார்கள். நியாயமான ஒரு ஊழியரைப் புகார் கொடுக்கவே தயங்க வைக்கும் செயல் எதுவும் பழிவாங்கல் ஆகலாம் என்றது நீதிமன்றம். வேலை போயிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. மீட்டிங் அழைப்பு தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மீட்டிங்கில்தான் வேலை பிரித்துக் கொடுக்கிறார்கள். வேலையே கொடுக்காமல், ஏப்ரலில் வேலை குறைவு என்று ரேட்டிங்கை இறக்கினால்?

ஒரு வருத்தம் உண்டு. விசாரணைக் கோப்பு கைக்கு வந்தபோது ஆணையத்தின் நீதிபதி முன் விசாரணை கேட்க அக்காவுக்கு 30 நாள் இருந்தது. கேட்கவில்லை. "சீக்கிரம் முடியட்டும்" என்று துறையிடமே முடிவைக் கேட்டுவிட்டார். வேலிக்கு ஓணான் சாட்சி. அதில் ஒரே ஆறுதல், நீதிபதி முன் விசாரணை இல்லாமல் துறையே எழுதிய முடிவை அப்பீலில் ஆணையம் முதலிலிருந்து புதிதாகப் படிக்கும்.

எனக்குக் கோபம் வருவது நாள் கணக்கில்தான். சம்பவம் நடந்து 45 நாளுக்குள், புகாருக்கு முதல் படியாக, துறையின் சம வேலைவாய்ப்பு ஆலோசகரைப் பார்க்க வேண்டும். முடிவு கையில் கிடைத்து 30 நாளுக்குள் அப்பீல். அடிபட்டவருக்குத்தான் இந்தக் கெடு எல்லாம். அந்தப் பக்கம்? முறைகேட்டை வெளியே சொன்னதற்காகப் பழிவாங்கப்பட்டவர்கள் போகும் வாசல் வேறு. அவர்களுடைய அப்பீலைக் கேட்பது எம்.எஸ்.பி.பி. என்ற வாரியம். 2017 ஜனவரியிலிருந்து 2022 மார்ச் வரை அந்த வாரியத்தில் முடிவெடுக்கப் போதுமான உறுப்பினர்களே இல்லை. நடுவே 2019-இல் கடைசியாக இருந்த ஒருவரும் போய்விட்டார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடந்தன. அந்த ஐந்து வருடத்துக்கு யாருக்கு மெமோ கொடுப்பது?

ராபர்ட் மக்லீன் கதையும் அந்த வாசலில் நடந்ததுதான். விமானப் பாதுகாப்பு மார்ஷல். செலவை மிச்சம் பிடிக்க இரவு தங்கும் பயணங்களில் மார்ஷல்களை நிறுத்தப்போகிறார்கள் என்பதை 2003-இல் பத்திரிகையாளரிடம் சொன்னார். 2006-இல் வேலை போனது. வாரியத்தில் தோற்றார். மேல் நீதிமன்றத்தில் ஜெயித்தார். 2015-இல் உச்ச நீதிமன்றத்தில் 7-க்கு 2 என்று மறுபடியும் ஜெயித்தார். வாரியத்தோடு நின்றிருந்தால் அவர் தோற்றவராகவே போயிருப்பார். ஒன்பது வருடம் எல்லோராலும் நிற்க முடியாது, தெரியும். அதற்காக முதல் கடிதத்தோடு நிற்பதா?

அக்கா 26-ஆவது நாளில் அப்பீல் போட்டார். வாதத்தை எழுதி அனுப்ப அதிலிருந்து இன்னும் 30 நாள் உண்டு. பதினோரு பக்கம் இப்போது நாலு பக்கம். முதல் பத்தியிலேயே டிசம்பர் மின்னஞ்சல், கோப்பின் பக்க எண்ணோடு. மேலதிகாரியின் குணத்தைப் பற்றி ஒரே ஒரு வரியை மட்டும் எடுக்கவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.