டேனியல் பூனின் மகன் இஸ்ரேல்

பழைய அமெரிக்கத் தொடர்களில் எனக்கு மிகவும் பிடித்தது ‘டேனியல் பூன்’. 18-ஆம் நூற்றாண்டில் கென்டக்கி காட்டில் குடியேறிய நிஜ வேட்டைக்காரர் ஒருவரின் கதை. 1964 முதல் 1970 வரை என்பிசி தொலைக்காட்சியில் வந்தது. ஆறு சீசன், 165 எபிசோட். முதல் சீசன் கறுப்பு வெள்ளை, அப்புறம் கலர். பூனாக நடித்த ஃபெஸ் பார்க்கர் ஆறரை அடி உயரம், ஆனால் குரலை உயர்த்தாத மனிதர். துப்பாக்கியைத் தூக்கும் முன் பேசிப் பார்ப்பார். இன்றைக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

இந்தத் தொடரைக் குறை சொல்பவர்கள் முதலில் பிடிப்பது தொப்பியைத்தான். 1950களில் டிஸ்னிக்காக டேவி கிராக்கெட் என்ற இன்னொரு எல்லைப்புற வீரராக நடித்தபோதே பார்க்கர் ராக்கூன் என்ற விலங்கின் தோலில் செய்த தொப்பியைப் பிரபலமாக்கிவிட்டார். அது பூன் தலைக்கும் வந்துவிட்டது. நிஜ பூன் போட்டது அகன்ற விளிம்பு வைத்த தொப்பி. இதெல்லாம் சின்ன விஷயம், விட்டுவிடலாம். எனக்கு மனசு ஆறாதது இஸ்ரேல் விஷயத்தில்தான்.

தொடரில் இஸ்ரேல், அப்பா பின்னாலேயே ஓடும் சின்னப் பையன். டார்பி ஹிண்டன் அவ்வளவு அழகாக நடித்திருப்பான். என்ன ஆபத்து வந்தாலும் கடைசியில் அம்மா ரெபேக்காவிடம் பத்திரமாக வந்து சேர்வான். நிஜ இஸ்ரேல் 1782 ஆகஸ்ட் 19 அன்று கென்டக்கியில் புளூ லிக்ஸ் என்ற இடத்தில், ஆங்கிலேயர் பக்கம் நின்ற படைக்கும் குடியேறிகளுக்கும் நடந்த சண்டையில் செத்துப்போனான். வயது 23. எதிரிகள் பதுங்கியிருப்பார்கள், ஆற்றைத் தாண்ட வேண்டாம் என்று பூன் முன்பே எச்சரித்திருந்தார். கூட வந்தவர்கள் கேட்காமல் பாய்ந்தார்கள். அப்பா பக்கத்திலேயே மகன் விழுந்தான். அதற்கு முன் 1773-லேயே மூத்த மகன் ஜேம்ஸையும் பறிகொடுத்தவர் அவர்.

யாருடைய நிலத்துக்காக இதெல்லாம்? ஷாவ்னி, செரோக்கி என்ற பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய காடு அது. 1775-ல் கம்பர்லாந்து கணவாய் வழியாக அதற்குள் பாதை வெட்டியவர் பூன். 1778-ல் ஷாவ்னிகளிடம் பிடிபட்டபோது, தலைவர் பிளாக்ஃபிஷ் அவரைக் கொல்லவில்லை, மகனாகவே தத்தெடுத்துக்கொண்டார். தன் ஊரான பூன்ஸ்பரோ கோட்டையைத் தாக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் தப்பி ஓடிவந்து ஊரைக் காத்தார் பூன். அந்த ஊர்க்காரர்களே அவரைத் துரோகி என்று ராணுவ விசாரணையில் நிறுத்தினார்கள். குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தது. ஆனாலும் அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்! இரண்டு பக்கமும் உறவுள்ளவனின் வேதனை, எந்தச் சாகசக் காட்சியையும்விட பெரியது.

அந்த வேதனையைத் தொடர் ஓரளவு தொட்ட இடம் மிங்கோ என்ற பாத்திரம். செரோக்கி அம்மா, ஆங்கிலப் பிரபு அப்பா, ஆக்ஸ்ஃபோர்டு படிப்பு. பூனுக்குச் சரிசமமாக நின்று வாதாடுவான். அறுபதுகளின் டிவியில் ஒரு பூர்வகுடிப் பாத்திரத்துக்கு இந்த மரியாதை அபூர்வம். நடித்த எட் ஏம்ஸ் உக்ரைனிலிருந்து வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. அந்த வேடத்தைப் பூர்வகுடி நடிகருக்குத் தந்திருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் நாலாவது சீசனோடு அவர் போனதும் தொடரின் உயிரே போய்விட்டது.

நிஜ பூனுக்குக் கடைசியில் கென்டக்கியில் நிலமே மிஞ்சவில்லை. பத்திரத் தகராறிலும் கடனிலும் எல்லாம் போக, 1799-ல் ஸ்பானியர் வசம் இருந்த மிசூரிக்குக் குடிபெயர்ந்தார். 1820-ல் அங்கேயே இறந்தார்.

புதிதாகப் பார்ப்பவர்கள் மிங்கோ இருக்கும் முதல் நாலு சீசனைப் பாருங்கள். வளர்ந்த பிள்ளைகள் கூட இருந்தால் அவர்களுக்கு புளூ லிக்ஸ் கதையையும் சொல்லுங்கள்.