காரணம் என்று ஒரு கட்டம்

அரசிதழில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பம் போடும்போது, எதற்காக மாற்றுகிறீர்கள் என்று காரணம் எழுத வேண்டும். பள்ளிவாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எனக்கு, இருபது வருஷத்துக்கு மேலாக அந்தக் காரணத்தை டைப் அடித்துக் கொடுப்பதும் பிழைப்பில் ஒரு பகுதி. பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் யோகம் அடிக்கும் என்று எண் ஜோசியர் சொல்லி வருகிறவர்கள்தான் அதிகம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தப்பாக எழுதிய பெயரை நாற்பது வயதில் திருத்த வருகிறவர்கள் அடுத்து. எப்போதாவது ஒருவர், கையில் காஜியாரோ ஜமாஅத்தோ கொடுத்த சான்றிதழோடு வருவார். அவருக்கு நான் அடிக்கும் காரணம் ஒரே சொல்: மதமாற்றம்.

போன வாரம் ஒரே நாளில் இரண்டு வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தன. ஒன்றை அனுப்பியவர் என் சின்ன மாமனார். யாரோ ஒரு வெள்ளைக்காரர் குர்ஆனில் அறிவியல் இருப்பதைக் கண்டுபிடித்து, கண்ணீர் விட்டு, முஸ்லிம் ஆவதற்கான உறுதிமொழியான கலிமாவைச் சொல்கிறார். இன்னொன்றை அனுப்பியது என்னோடு பத்தாவது படித்த நண்பன். பணத்தைக் காட்டியும் பையன்களை விட்டுப் பெண்களை மயக்கியும் மதம் மாற்றுகிறார்களாம், உஷாராக இருக்கணுமாம். ஒன்றில் மாறுகிறவர் மேதாவி, மற்றதில் ஏமாளி. இரண்டு பேருக்கும் நான் பதில் போடவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தவர்களில் விவாதத்தில் தோற்று முஸ்லிம் ஆனவர் என்று ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. பெரும்பாலும் யாரோ ஒரு மனிதரைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள். கொள்கை, கிதாபு, ஆதாரம் எல்லாம் அப்புறம் வந்து சேரும். கேட்டால் அவர்களே கொள்கையைத்தான் முதலில் சொல்வார்கள். டீ வாங்கிக் கொடுத்துப் பத்து நிமிஷம் உட்கார வைத்தால்தான் அந்த மனிதர் வெளியே வருவார்.

ஒரு பெயிண்டர் தம்பி. ரமலானுக்கு முன்னால் எங்கள் பள்ளிவாசலுக்குச் சுண்ணாம்பும் பச்சைப் பெயிண்டும் அடிக்க வந்தவர். வேலை இழுத்துக்கொண்டு நோன்பு தொடங்கிய பிறகும் நாலு நாள் நடந்தது. முதல் நாள் சாயந்திரம் சாரத்திலிருந்து இறங்கிக் கை கழுவிக்கொண்டிருந்தவரை, வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கூப்பிட்டார். "கஞ்சி ஆறிடும், உக்காரு தம்பி" என்று சொல்லிவிட்டுத் தள்ளி உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டார். கிண்ணம் ஒன்று குறைந்தது. பெரியவர் தன் கிண்ணத்துக் கஞ்சியில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை இவர் பக்கம் நகர்த்தினார். நடந்தது அவ்வளவுதான். "எங்க ஊர்ல நான் பெயிண்ட் அடிச்ச வீட்லயே எனக்குத் தண்ணிய திண்ணைல வச்சிட்டு உள்ள போயிருவாங்க பாய்" என்றார், இரண்டு வருஷம் கழித்து விண்ணப்பம் கொடுக்க வந்தபோது. காரணம் என்ற இடத்தில் அரைக் கிண்ணம் கஞ்சி என்று அடிக்க முடியாது. மதமாற்றம் என்று அடித்தேன்.

உலகம் அறிந்தவர்கள் கதையைப் பார்த்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. இசையமைப்பாளர் ஏ.ஆர்.ரஹ்மானுக்கு ஒன்பது வயதில் அப்பா ஆர்.கே.சேகர் இறந்துபோகிறார். நோயும் கடனுமாக அலைந்த அந்தக் குடும்பத்துக்கு கரீமுல்லாஷா காதிரி என்ற சூஃபி பெரியவர் ஆறுதலாக வந்து சேர்கிறார். அவர்கள் இஸ்லாத்துக்கு வந்தது அதற்கும் பல வருஷம் கழித்து, 1980களின் கடைசியில். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. தங்கையின் ஜாதகத்தைக் கொண்டுபோய்க் காட்டிய இடத்தில், அப்போது திலீப்குமாராக இருந்த அவருக்கு அப்துல் ரஹ்மான், அப்துல் ரஹீம் என்று பெயர் எடுத்துக் கொடுத்தவர் ஓர் இந்து ஜோசியர். ரஹ்மானே சொன்ன கதை இது. என் கடைக்கு வரும் எண் ஜோசியக் கூட்டத்தை நான் கேலி செய்யாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். யுவன் சங்கர் ராஜா தான் முஸ்லிம் ஆனதை 2014இல் அறிவித்தார். அம்மா இறந்த துக்கத்தில் இருந்தபோது நண்பர் ஒருவர் கையில் கொடுத்த தொழுகை விரிப்பைப் பற்றித்தான் அவரும் பேசியிருக்கிறார்.

படித்து, யோசித்து, எழுதி வந்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அப்துல்லாஹ் அடியார் தி.மு.க. மேடையில் பேசியவர், பத்திரிகைக்காரர். நான் காதலிக்கும் இஸ்லாம் என்று புத்தகமே எழுதினார். ஆனால் அதை எழுதிய கையோடு அவர் கலிமா சொல்லிவிடவில்லை, 1987இல்தான் சொன்னார். மூளை ஒப்புக்கொண்ட பிறகும் காலடி எடுத்து வைக்க இடைவெளி தேவைப்பட்டிருக்கிறது. பேராசிரியர் பெரியார்தாசன் பல வருஷம் மேடையில் நாத்திகம் பேசிவிட்டு 2010இல் அப்துல்லாஹ் ஆனார். எழுத்தாளர் கமலா தாஸ் 1999 டிசம்பரில் கமலா சுரய்யா ஆனபோது அவருக்கு வயது 65. கேரளமே ரெண்டுபட்டது. காதல்தான் என்றார்கள், கிறுக்கு என்றார்கள், விளம்பரம் என்றார்கள். 2009இல் இறந்த பிறகு திருவனந்தபுரம் பாளையம் ஜும்ஆ பள்ளிவாசலில்தான் அடக்கமானார். அந்த அம்மாவின் மனதில் என்ன இருந்தது என்று தெரிந்தது போல எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

பெயர் என்று பார்த்தால் குத்துச்சண்டை வீரர் முகமது அலியை விட முடியாது. கேஷியஸ் கிளே என்பது அடிமைப் பெயர் என்று சொல்லி 1964இல் தூக்கிப் போட்டவர். மூன்று வருஷம் கழித்தும் எர்னி டெரல் என்ற எதிராளி அவரை வேண்டுமென்றே கிளே என்று கூப்பிட்டார். 1967 பிப்ரவரியில் ஹூஸ்டனில் 15 சுற்றும் அந்த ஆளை அடித்துக்கொண்டே, என் பெயர் என்ன, என் பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார் அலி. குத்துச்சண்டை தெரிந்தவர்களே அதைக் கொடூரம் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இந்தக் கடையில் உட்கார்ந்த பிறகு அந்தக் கேள்வி எனக்கு வேறு மாதிரி கேட்கிறது.

நம்மூரில் ஓர் ஊரே பெயர் மாறியது. 1981 பிப்ரவரி 19 அன்று, செங்கோட்டைப் பக்கம் பண்பொழிக்கு அருகே மலையடிவாரத்தில் இருக்கும் மீனாட்சிபுரத்தில், பள்ளர் சமூகத்தைச் சேர்ந்த சுமார் 180 குடும்பங்கள் இஸ்லாத்துக்கு வந்தன. ஊர் ரஹ்மத் நகர் ஆயிற்று. டெல்லி வரை அதிர்ந்தது. வாஜ்பாய் நேரில் வந்தார், பத்திரிகைகள் வரிசை கட்டின. வளைகுடாப் பணம் என்றார்கள். அத்தா, அதாவது என் அப்பா, அப்போது தென்காசிப் பக்கம் ஜவுளி கொண்டுபோய்ப் போட்டு வருவார். ஒரு நடையில் அந்த ஊருக்கும் போய், இரண்டு டஜன் கைலியைச் சும்மா கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அந்தக் கைலியும் வளைகுடாக் கணக்கில் சேர்ந்ததோ என்னவோ. அத்தா சொன்னது இதுதான்: "அவங்க யாரும் சொர்க்கத்தைப் பத்திப் பேசலை. டீக்கடையைப் பத்தியும் போலீஸைப் பத்தியும்தான் பேசுனாங்க."

இன இழிவு நீங்க இஸ்லாமே நன்மருந்து என்று பெரியார் 1947இலேயே திருச்சியில் பேசியிருந்தார். அவர் அந்த மருந்தைக் குடிக்கவில்லை, அது வேறு விஷயம். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் பக்கத்து வீட்டுக்காரரின் உயர்ந்த சுற்றுச்சுவர் மழையில் இடிந்து விழுந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்தார்கள். அது தீண்டாமைச் சுவர் என்று தலித் மக்கள் சொன்னார்கள். இஸ்லாத்துக்குப் போகிறோம் என்று அந்தப் பக்கத்தில் அறிவிப்பு வந்தது, பலர் போகவும் செய்தார்கள். மீனாட்சிபுரத்துக்கும் நடூருக்கும் நடுவில் கிட்டத்தட்ட 39 வருஷம்.

இந்தப் பணக் கதையைச் சொல்கிறவர்கள் என் மேசைக்கு வந்து ஒரு நாள் கணக்குப் பார்க்க வேண்டும். 1950இல் போட்ட குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து இந்துக்களுக்குத்தான். பிறகு 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். முஸ்லிமோ கிறிஸ்தவரோ ஆனால் அந்தச் சான்றிதழ் போச்சு. வேலைக்கான ஒதுக்கீடு, பிள்ளைக்கான உதவித்தொகை, தனித்தொகுதியில் நிற்கும் உரிமை, வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பு எல்லாம் அதோடு போகும். முஸ்லிம்களுக்கென்று தமிழ்நாட்டில் 2007இலிருந்து 3.5 சதவீதம் இருக்கிறதே என்பீர்கள். அது ராவுத்தர், லெப்பை, மரைக்காயர் என்று பட்டியலில் இருப்பவர்களுக்கு. புதிதாக வந்தவர் இதில் எங்கே நிற்பார் என்பதே பெரிய இழுபறி. மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பிலிருந்து மாறிய ஒருவர் கேட்டதற்கு 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் முடியாது என்றது. 2024இல்தான் அப்படி வந்தவர்களைப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அரசாணை வந்தது. பட்டியல் சாதிக்காரருக்கு அதுவும் இறக்கம்தான். பணத்துக்காகப் போகிறவன் கையில் இருப்பதையும் விட்டுவிட்டா போவான்?

2002இல் ஜெயலலிதா கொண்டுவந்த மதமாற்றத் தடைச் சட்டத்துக்கு மூன்று காரணங்கள்தான் தெரிந்திருந்தன: பலவந்தம், மோசடி, ஆசை காட்டுதல். 2004 மக்களவைத் தேர்தலில் தோற்ற பிறகு அதைத் திரும்பப் பெற்றார்.

கல்யாணத்துக்காக மாறுகிறவர்கள் உண்டா? உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. இருபது வயசுப் பெண்ணோ பையனோ வந்து உட்கார்ந்தால் அந்த முகத்திலேயே தெரியும். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன், காதலும் ஒரு மனிதரைப் பார்த்து வருவதுதானே. ஆனால் எல்லாப் பெண்ணையும் அந்தக் கணக்கில் எழுதக் கூடாது. சேலத்தில் ஹோமியோபதி படித்த கேரளப் பெண் ஹாதியா, முஸ்லிமான பிறகுதான் கல்யாணம் செய்துகொண்டார். அப்படியும் 24 வயதுப் பெண்ணின் கல்யாணத்தைக் கேரள உயர் நீதிமன்றம் 2017இல் செல்லாது என்றது. 2018இல் உச்ச நீதிமன்றம்தான் அதை மீட்டுக் கொடுத்தது. முதல் மனைவியை வைத்துக்கொண்டு இரண்டாவது கட்ட வசதியாக இருக்கும் என்று வந்தவர்களும் இரண்டு பேர் உண்டு. இந்தக் குறுக்குவழி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டதைச் சொல்லி அனுப்பி வைத்தேன். அதில் ஒருவர் ஜெராக்ஸ் காசும் தராமல் போனார்.

சரி, இதுவரை படித்துவிட்டு லைக் போட நினைக்கும் என் சொந்தக்காரர்களுக்கு இனிமேல்தான் விஷயம்.

ஊர் ஊராக மதம் மாறுகிறார்கள் என்று அவர்கள் பயப்படுவதும் நாம் பெருமைப்படுவதும் ஒரே கற்பனைதான். அமெரிக்காவின் பியூ ஆய்வு நிறுவனம் சுமார் 30,000 இந்தியர்களிடம் கேட்டு 2021இல் ஒரு கணக்கு வெளியிட்டது. இந்துவாக வளர்க்கப்பட்டவர்கள் 82 சதவீதம், இன்று இந்துவாக இருப்பவர்களும் அதே 82 சதவீதம். அமெரிக்காவில் முஸ்லிம்களில் ஐந்தில் ஒருவர் புதிதாக வந்தவர் என்று 2017இல் அதே நிறுவனம் சொன்னதை நம் ஆட்கள் எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். முஸ்லிமாக வளர்க்கப்பட்டவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் அங்கே விட்டுப் போய்விட்டார்கள் என்று அது சொன்னதை யாரும் சொல்வதில்லை. வந்த கணக்கை மட்டும் எழுதி, போன கணக்கை எழுதாமல் விடும் கடைக்காரன் எத்தனை நாள் தாங்குவான்?

ஒருவர் கலிமா சொல்லும் அன்று நம் பள்ளிவாசலைப் பாருங்கள். கட்டிப்பிடிக்க வரிசை நிற்கும். அல்லாஹு அக்பர் என்று தக்பீர் முழங்கும். செல்ஃபி எடுப்போம். நாலு மாசம் கழித்து அந்த ஆளுக்குப் பெண் பார்க்கச் சொன்னால் ஜமாஅத் தலைவர் தொண்டையைச் செருமுவார். "நல்ல பையன்தான், ஆனா குடும்பம் கொஞ்சம்..." என்று இழுப்பார். அந்த 'கொஞ்சம்' என்பதற்குப் பின்னால் இருப்பது என்னவென்று நமக்குத் தெரியும். ராவுத்தர் மரைக்காயர் வீட்டில் சம்பந்தம் பண்ண யோசிக்கிறார், உருது பேசுகிறவர் தமிழ் பேசுகிறவரைக் கிண்டல் செய்கிறார். இதில் நேற்று வந்தவருக்கு யார் கொடுப்பார்? தொழுகையில் தோளோடு தோள் நிற்பதில் நமக்கு ஒரு சிக்கலும் இல்லை. கல்யாணப் பேச்சில்தான் வரிசை கலைந்துவிடுகிறது. நான் யோக்கியன் இல்லை. எனக்கும் பெண் இருந்தாள். அந்தப் பெயிண்டர் தம்பியை நினைத்துப் பார்க்காமலே அவளுக்கு எங்கள் சொந்தத்திலேயே முடித்தேன்.

அவர் போன வருஷம் மறுபடி கடைக்கு வந்தார். முதல் விண்ணப்பம் போட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. தாடி இல்லை. பழைய அரசிதழ் நகலை மேசையில் வைத்து, "இதைத் திருப்பி மாத்தணும் பாய்" என்றார். என்ன ஆச்சு தம்பி என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. டீ வந்தது. குடித்துவிட்டு, அக்காவும் மச்சானும் பழைய ஊரில் பெண் பார்த்திருப்பதாகச் சொன்னார். ஊரில் டீக்கடை இப்போது பரவாயில்லை, எல்லாருக்கும் பேப்பர் கப்புதான் என்றார். சிரித்தாரா என்று சரியாகத் தெரியவில்லை.

கஞ்சிக் கிண்ணத்தை நகர்த்திய பெரியவர் கொரோனா சமயத்தில் மௌத்தாகிவிட்டார். நாலு பேர் மட்டும் போக முடிந்த அந்த அடக்கத்தில், மையவாடியில் குழிக்குள் இறங்கி நின்றவர் இந்தத் தம்பிதான். அதைப் பற்றிக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன், கேட்கவில்லை.

"காரணம் என்ன போட?" என்றேன்.

"அன்னைக்கு என்ன போட்டீங்களோ, அதையே போடுங்க."

அடித்தேன். காசு வேண்டாம் என்றதற்கு, நோட்டை மவுஸ் பேடுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு விண்ணப்பமும் என் கம்ப்யூட்டரில் ஒரே ஃபோல்டரில் கிடக்கின்றன. பழைய பெயரும் புதிய பெயரும் இடம் மாறியிருக்கின்றன. காரணம் என்ற இடத்தில் இரண்டிலும் அதே சொல்.