மறுசுழற்சித் தாள் இல்லையேல் கடிதம் திரும்புமா?

மொத்தமாக அனுப்பப்படும் கடிதங்களை, மறுசுழற்சித் தாளில் அச்சிடாவிட்டால், பிரிட்டனின் அஞ்சல் நிறுவனமான ராயல் மெயில் ஏற்பதே இல்லை என்றொரு செய்தி பகிரப்படுகிறது. இது உண்மையன்று.

பிரிட்டிஷ் தரநிலை நிறுவனம் 2009-இல் நேரடி விளம்பர அஞ்சலுக்காகப் பாஸ் 2020 என்ற சுற்றுச்சூழல் விவரக்குறிப்பை வெளியிட்டது. அதையொட்டி ராயல் மெயில் கொண்டுவந்தது தடையை அன்று, விரும்பியவர் சேரக்கூடிய கட்டணச் சலுகையையே. நிபந்தனைகளை ஏற்காதவரின் கடிதமும் போய்ச் சேர்ந்தது, சலுகை மட்டும் கிட்டவில்லை. அச்சலுகை விளம்பர அஞ்சலுக்கானதாக இருந்தது. மின்கட்டண ரசீதும் வங்கிக் கணக்கு விவரமும் அதில் அடங்கவில்லை.

தாளோடு நிபந்தனை முடியவுமில்லை. நல்ல தாளில் அச்சிட்ட விலைப்பட்டியலையும் அதைச் சுற்றிய நெகிழி உறை கெடுத்துவிடும் என்பதால், உறை, பசை, மேற்பூச்சு ஆகியவையும் மறுசுழற்சிக்கு இடையூறாக இருக்கலாகாது எனக் கருதப்பட்டது. விளம்பரக் கடிதம் வேண்டாமெனப் பதிவு செய்தோரின் பெயர்களை முகவரிப் பட்டியலிலிருந்து நீக்குவதும் எதிர்பார்க்கப்பட்டது; அனுப்பாத கடிதத்துக்குத் தாளே தேவையில்லை என்பதால், என் பார்வையில் இதுவே ஆகப் பயனுள்ள நிபந்தனை. மேலும், ‘மறுசுழற்சி செய்த தாள்’ வேறு, ‘மறுசுழற்சி செய்யத்தக்க தாள்’ வேறு. வதந்தி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.