ஐம்பது ஹெல்மெட் அபராதம் போதும், ஒரு ஊருக்கு

ஜனவரி பிறந்தால் சாலைப் பாதுகாப்பு மாதம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பதாகை பிடிக்க வைத்து, கோஷம் போட்டுக்கொண்டு கடைவீதி வரை போய்த் திரும்புவோம். உறுதிமொழி எடுப்போம். போட்டோ எடுத்து அனுப்புவோம். பதினேழு வருடமாக நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். கூட வரும் போலீஸ்காரர்களும் அக்கறையோடுதான் வருகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜனவரியில், என் வகுப்புப் பையன் ஒருவன் கையில் அந்தப் பதாகையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்கு முந்தைய மாதம்தான் அவனுடைய அப்பத்தா, விடிகாலையில் பால் ஊற்றப் போகும்போது, வேன் மோதி இறந்துபோயிருந்தார்.

எங்கள் ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். சாலை அகலமானபோது ஊர் இரண்டாகப் பிரிந்தது. பள்ளியும் ரேஷன் கடையும் ஒரு பக்கம். தோட்டங்களும் பால் சொசைட்டியும் மறுபக்கம். நடுவில் சென்டர் மீடியன். வண்டி திரும்புவதற்கான இடைவெளி ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால், டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பால் கேனைக் கட்டிக்கொண்டு ராங் சைடில் வருபவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து வந்தவர், எதிர்த்திசையில் வரக்கூடாது என்று அரைமணி நேரம் பேசினார். கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "டீச்சர், அது எனக்கும் தெரியும். சுத்திக்கிட்டு வந்தா மூணு கிலோமீட்டரு. ஆறரைக்குப் பால் வண்டி கெளம்பிரும்." விதி தெரியாதவருக்குச் சொல்ல வேண்டியது வேறு, விதி தெரிந்தும் வழியில்லாதவரோடு பேச வேண்டியது வேறு. இரண்டாவது பேச்சை அந்த ஊர்க்காரர்களால்தான் பேச முடியும்.

அந்த ஜனவரியில் பேரணியோடு இன்னொரு வேலையும் செய்தோம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளிக் காம்பவுண்டுக்கு உள்ளே, டீக்கடைத் திண்ணையில், தண்ணீர்த் தொட்டிப் படியில் என்று மூன்று இடங்களில் உட்கார வைத்தோம். ஒவ்வோர் இடத்திலும் ஒரு பெரியவர் கூட இருந்தார். காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம், ஒரு வாரம். யார் எங்கே கடக்கிறார்கள், எங்கே ஓடுகிறார்கள், எந்த இடத்தில் வண்டிகள் சட்டென்று பிரேக் போடுகின்றன என்று நோட்டில் கோடு போட்டு எண்ணினார்கள். பிறகு சார்ட்டில் ஊர்ச் சாலையை வரைந்து, ஆபத்தான இடங்களில் சிவப்பு வட்டம் போட்டார்கள்.

எனக்கே தெரியாத ஒன்றை அந்த வரைபடம் காட்டியது. மிக அதிகமான கோடுகள் மினிபஸ் நிற்கும் இடத்தில் இருந்தன. பிள்ளைகள் இறங்கியதும் பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து கடக்கிறார்கள். பஸ்ஸைத் தாண்டி வரும் லாரிக்கு அவர்களைத் தெரியாது, அவர்களுக்கும் லாரி தெரியாது. "வலது பார், இடது பார், மறுபடி வலது பார்" என்று இத்தனை வருடம் நான் சொல்லிக்கொடுத்தேனே, அங்கே நின்று வலது பக்கம் பார்த்தால் பஸ்ஸின் பம்பர்தான் தெரியும்! அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்கப்புறம் ஒரே ஒரு பாடம்தான். பஸ் கிளம்பிப் போகும்வரை ஓரத்திலேயே நில், சாலை முழுக்கத் தெரிந்த பிறகு கட. வகுப்பறையில் சொல்லாமல் அந்த இடத்திலேயே சொன்னோம். மகளிர் குழு அம்மாக்கள் நான்கு பேர் முறை வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்து நிறுத்தி, ஆறு வாரம் தினமும் பழக்கினார்கள். மைக், மேடை எதுவும் தேவைப்படவில்லை.

பிறகு தேடிப் படித்தபோது, இதே வேலையை 1990களில் ஸ்காட்லாந்தில் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. கிளாஸ்கோ நகரத்தின் டிரம்சாப்பல் என்ற ஏழைக் குடியிருப்பில், அந்தப் பகுதியில் வசிப்பவர்களையே தன்னார்வலர்களாகப் பழக்கி, சின்னஞ்சிறு பிள்ளைகளைத் தெருவுக்கே கூட்டிப்போய்க் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். எங்கே கடப்பது, நிற்கும் வண்டிகளுக்கு நடுவே எப்படிக் கடப்பது, சந்திப்பில் எப்படிக் கடப்பது என்று மூன்றே திறமைகள். அது பின்னால் பிரிட்டனில் பல ஊர்களுக்கும் பரவியது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு 2002-இல் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வையும் படித்தேன். பாதசாரிகளுக்கான பாதுகாப்புக் கல்வி பற்றிய 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைகளின் அறிவு கூடுகிறது, கடக்கும் முறையும் மாறலாம், ஆனால் காலம் போகப் போக அது குறைகிறது, திரும்பத் திரும்பச் சொல்லித்தர வேண்டும் என்கிறது. கல்வியால் மட்டும் விபத்துக் காயம் குறையும் என்பதற்கு அந்த ஆய்வுகளில் சான்று கிடைக்கவில்லை என்பதையும் அது சொல்கிறது. இதை மறைக்க நான் விரும்பவில்லை. வருடத்துக்கு ஒரு நாள் பேரணி போதாது என்று நான் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்களுக்கு ஆன மொத்தச் செலவு 14,300 ரூபாய். சார்ட், பேனா, சைக்கிள்களுக்கும் மாட்டு வண்டிகளுக்கும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், பால் ஊற்றப் போகும் பெண்களுக்கு ஒளிரும் பட்டை தைத்த மேல்துணி. மூன்று ஆசிரியர்கள், மகளிர் குழு, டீக்கடைக்காரர் எல்லோரும் சேர்ந்து போட்ட பணம். அடுத்த வருடம் அதே பணத்தை மறுபடி கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் எல்லோருக்கும் வீட்டில் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதிக்கு எழுதிப் போட்டோம். சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வைச் சமூகப் பொறுப்புச் செலவாகக் கணக்கில் காட்டலாம் என்று மத்திய அரசு 2014-லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனால் பதிவுச் சான்றும் மூன்று வருட ஆடிட் கணக்கும் கேட்டார்கள். எங்கள் மகளிர் குழுவிடம் இருப்பது பேங்க் பாஸ்புக்கும் தீர்மான நோட்டும்தான். பெரிய தொண்டு நிறுவனம் ஒன்று வாங்கி, அதில் கொஞ்சம் எங்களுக்குத் தரலாம் என்றார்கள். அந்த நிறுவனத்துக்கு எங்கள் மினிபஸ் எங்கே நிற்கிறது என்று தெரியாதே.

பணம் இல்லையா? இருக்கிறது. சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் நம் கோயம்புத்தூர் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன். 2012-இல் அவர் போட்ட பொதுநல வழக்கில்தான், 2017 நவம்பர் 30 அன்று, ஒவ்வொரு மாநிலமும் சாலைப் பாதுகாப்பு நிதி அமைக்க வேண்டும், வசூலாகும் போக்குவரத்து அபராதத்தில் ஒரு பங்கு அதற்குப் போக வேண்டும் என்ற உத்தரவு வந்தது. மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு, பள்ளிகளில் சாலைப் பாதுகாப்புக் கல்வி என்பதெல்லாமும் அதே உத்தரவில் இருக்கின்றன. தினமும் எலும்பு நொறுங்கி வருபவர்களைப் பார்த்துப் பார்த்து ஒரு மருத்துவர் வாங்கித் தந்த உத்தரவு அது. அந்த நிதியிலிருந்து ஒரு சின்னப் பங்கை ஊர்க்குழுக்களுக்கு நேரடி மானியமாகக் கொடுக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

ஹெல்மெட் போடாததற்கு இப்போது 1,000 ரூபாய் அபராதம். ஐம்பது பேரிடம் வசூலித்தால் 50,000. ஒரு ஊரில் ஒரு வருடம் முழுக்க நாங்கள் செய்ததைப் போல மூன்று மடங்கு செய்ய அது தாராளமாகப் போதும். அபராதம் கட்டியவருக்கும், தன் பணம் தன் பிள்ளை கடக்கும் இடத்துக்கு வந்தது என்று தெரிந்தால் கொஞ்சம் கோபம் குறையும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இப்படிச் செய்கிறார்கள். கேமராவில் சிக்குபவர்கள் கட்டும் அபராதப் பணத்திலிருந்து, சமூகச் சாலைப் பாதுகாப்பு மானியம் என்ற பெயரிலேயே, லாப நோக்கில்லாத உள்ளூர் அமைப்புகளுக்குக் கொடுக்கிறார்கள்.

விண்ணப்பம் தமிழில் ஒரே பக்கமாக இருக்கட்டும். எந்த இடம், யாருக்கு ஆபத்து, என்ன செய்யப்போகிறீர்கள், அவ்வளவுதான். பணத்தை முன்கூட்டியே தர வேண்டும். செலவு செய்துவிட்டு ரசீது கொண்டுவா என்றால் மகளிர் குழு கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும். குறைந்தது மூன்று வருடம் தொடர வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு ஜூனிலும் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். ஃப்ளெக்ஸ் போர்டுக்கும் மேடைக்கும் அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூடப் போகக்கூடாது.

சுருட்டிவிடுவார்கள் என்பார்கள். வரவு செலவைக் கிராம சபையில் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் 200 ரூபாய் கணக்கு இடித்தாலும் நாலு பேர் எழுந்து நின்று கேட்பார்கள்.

இன்னொரு கேள்வி நியாயமானது. சுரங்கப்பாதை கட்டாமல், விளக்குப் போடாமல், மக்களுக்கு மட்டும் பாடம் எடுப்பது சரியா? சரியில்லை. 2022-இல் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், 17,884 பேர் இறந்தார்கள். ஒரு நாளைக்கு 49 பேர். அதே வருடம் நாடு முழுவதும் சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு 64 பேர் இருசக்கர வண்டியில் போனவர்களும் நடந்து போனவர்களும்தான். இத்தனை பேரையும் கவனக்குறைவானவர்கள் என்று சொல்லிவிட முடியாது. எங்கள் வரைபடத்தை எடுத்துக்கொண்டு திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்தோம். பதினோரு மாதம் கழித்து மினிபஸ் நிற்கும் இடத்தில் உயர்கோபுர விளக்கு வந்தது. பால் சொசைட்டியில் பேசி, ஊர்ப் பக்கத்திலும் ஒரு கேன் எடுக்கும் இடம் வைக்கச் செய்தோம். இப்போது காலையில் ராங் சைடில் வருபவர்கள் ஐந்தாறு பேர்தான். ஊர் தன் சாலையைப் படித்ததால்தான் எதைக் கேட்பது என்று தெரிந்தது.

தைப்பூசத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழனிக்குப் பாதயாத்திரை வருபவர்கள் ராத்திரியெல்லாம் எங்கள் வழியாக நடக்கிறார்கள். வெயிலுக்குப் பயந்து இருட்டில்தான் அதிகம் நடப்பார்கள். அதே ராத்திரியில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லாரிகளும் ஓடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். டிரைவர் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள் 25 மீட்டர் போயிருக்கும். பச்சை வேட்டியும் காவி வேட்டியும் இருட்டில் தெரியாது. தோள்பையின் பின்பக்கம் ஒட்டிய ஒரு சாண் ஸ்டிக்கர் வெகுதூரத்திலேயே மின்னும். போலீஸார் முடிந்தவரை ஒட்டுகிறார்கள். ஆனால் வழியெங்கும் அன்னதானப் பந்தல் போடும் ஊர்க்காரர்கள் எத்தனை பேர்! சாப்பிட உட்காருபவர் பையில், எழுந்து போவதற்குள், பரிமாறும் பிள்ளைகள் ஒட்டிவிடலாம். போன தைப்பூசத்தில் எங்கள் பந்தலில் 600 பேருக்கு ஒட்டினோம், ஸ்டிக்கர் அதோடு தீர்ந்துபோனது. அதற்கப்புறம் வந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டும் போட்டு அனுப்பினோம்.

விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் கேஸில் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் இன்னும் போகவில்லை. உதவியவரை அலைக்கழிக்கக் கூடாது என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ பிரிவு வந்துவிட்டது. முதல் 48 மணி நேரம் சிகிச்சை பார்க்க 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டமும் வந்துவிட்டது. எங்கள் டீக்கடையில் கேட்டேன், இரண்டையும் கேள்விப்பட்டவர் ஒருவர்தான் இருந்தார்.

பிள்ளைகள் வரைந்த வரைபடம் இப்போது அந்த டீக்கடைச் சுவரில்தான் ஒட்டியிருக்கிறது. போன வாரம் போனபோது, உரக்கடைக்கு எதிரே யாரோ பேனாவால் புதிதாக ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். யார் என்று கேட்டேன், கடைக்காரருக்கும் தெரியவில்லை. போய்ப் பார்த்தேன். மீடியனில் இரண்டு கல்லை யாரோ பெயர்த்து எடுத்திருக்கிறார்கள், எக்ஸ்எல் நுழையும் அளவுக்கு வழி விழுந்திருக்கிறது. வருகிற கிராம சபையில் அதை எழுப்ப வேண்டும்.